பால்திய என்று சொல்லிப் பார்

சித்திரை வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள் பின்னேரம். பலகாரத் தட்டு பாதி காலி. விறாந்தையில் கால் நீட்டியிருந்த பெறாமகள் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“பெரியப்பா, நான் 62 வீதம்தான் இலங்கையராம்.”

“மிச்சம் 38 வீதம் எங்கை போனது?”

“ஆருக்குத் தெரியும். மாலைதீவாக்கும்.”

வாங்கிப் பார்த்தேன். ‘நீங்கள் எந்தளவுக்கு இலங்கையர்?’ என்ற வகையில் முகநூலில் சுற்றிவரும் வினாவிடைகளில் ஒன்று. இருபது கேள்விகள். வருஷப்பிறப்பன்று உங்கள் வீட்டில் பாற்சோறு உண்டா? கொக்கிஸ் சுடுவீர்களா? வெசாக் தன்சலில் வரிசையில் நின்றதுண்டா? சிவனொளிபாத மலை ஏறினீர்களா? பைலா கேட்டால் கால் தானாக ஆடுமா? பள்ளி விளையாட்டுப் போட்டியில் மைலோ குடித்தீர்களா? கலியாண வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போவீர்களா? மைலோவுக்கும் பிந்திப் போவதற்கும் அவளுக்கு முழுப் புள்ளி. பாற்சோற்றில் விழுந்துவிட்டாள். எங்கள் வீட்டில் வருஷத்துக்குப் புக்கை. அரிசி, பால், அடுப்பு எல்லாம் அதேதான், பெயர்தான் வேறு. அந்தப் பெயர் கேள்வித்தாளில் இல்லை.

அவள் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். இந்த முறை தமிழில், ‘நீங்கள் அசல் ஈழத்தமிழரா?’ என்று. ஒடியற்கூழ், பனங்கிழங்கு, நல்லூர்த் தேர், கிடுகு வேலி. அதில் அவளுக்கு 55. கூழ் பிடிக்காது, நல்லூருக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறாள், அதுவும் வாந்தி எடுத்துக்கொண்டு. கொழும்பில் எழுதிய தாளில் சிங்கள வீடு இலங்கையானது போல, அநேகமாக ரொறன்ரோவிலோ லண்டனிலோ எழுதப்பட்ட இந்தத் தாளில் யாழ்ப்பாணம் ஈழமாகிவிட்டிருந்தது. திருகோணமலைப் பிள்ளைக்கு இரண்டிலும் அரைகுறைப் புள்ளி.

இவை விளையாட்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் விளையாட்டின் பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் பிழையில்லை.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் தன் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். சில நாட்கள் கழித்து ஒவ்வொருவர் கையிலும் ‘உங்களுக்கு மட்டுமான’ முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதன் வசனங்களில் பெரும்பாலானவை தெருவோரக் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்தில் பொறுக்கியவை. திருவிழாவில் கிளிக்கூட்டோடு குந்தியிருக்கும் சாத்திரக்காரருக்கு ஃபோரரின் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. கிளி எந்தச் சீட்டை இழுத்தாலும் ‘மனசு சுத்தம், கையில் காசு தங்காது’ என்று வருவது நமக்கும் தெரிந்ததுதான்.

தேசிய அடையாள வினாவிடை இந்தக் கிளியைவிட ஒரு படி மேலே போகிறது. கிளி உங்களை இன்னொருவரோடு ஒப்பிடுவதில்லை. இது வீதம் போடுகிறது. வீதம் வந்தவுடன் நூறு என்று ஓர் ஆள் எங்கேயோ இருக்கிறார் என்று ஆகிவிடுகிறது: பாற்சோறு தின்று, பைலா ஆடி, மலை ஏறி, பிந்தி வருகிற ஒரு முழு இலங்கையர். அப்படி ஒருவரை நான் சந்தித்ததில்லை. அவர் அச்சுக்கூடத்தில் பிறந்தவர். ஒரே மாதிரியான மனப்படிவத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்டீரியோரைப்’ என்ற சொல்லே அச்சுத்தொழிலின் சொல். எழுத்துகளைக் கோத்த பக்கத்தை அப்படியே ஒரு தகடாக வார்த்தெடுத்தால் திரும்பத் திரும்ப அடிக்கலாம். எழுத்தை மாற்றத்தான் முடியாது. 1922இல் வால்ட்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் அந்தச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தத் தகட்டை எண்ணிப் பார்த்த முன்னோடிகள் கற்ஸ், பிரேலி என்ற இருவர். 1933இல் பிரின்ஸ்டன் மாணவர் நூறு பேரிடம் 84 பண்புச் சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, பத்து இன, தேச மக்களுக்குப் பொருத்தச் சொன்னார்கள். துருக்கியருக்குக் ‘கொடூரம்’ என்று எழுதியவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். அந்த மாணவர்களில் துருக்கியர் ஒருவரோடு பழகியவர்களைத் தேடித்தான் பிடித்திருக்கவேண்டும். இன்னொரு ஆய்வு 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 49 பண்பாடுகளில் ஏறத்தாழ நாலாயிரம் பேரிடம் ‘உங்கள் நாட்டவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டு, அந்த விடைகளை அதே நாட்டவரின் உண்மையான ஆளுமை அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. தன் நாட்டைப் பற்றித் தானே சொன்னதும் பொருந்தவில்லை என்பதுதான் எனக்கு ருசியான பகுதி.

இதையெல்லாம் திருகோணமலையில் இருந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. துறைமுகம் உள்ள இடத்தில் தகடு வார்ப்பது கஷ்டம். இந்த மாவட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தினால், 2012 குடிசனக் கணக்கின்படி, ஏறத்தாழ நால்வர் சோனகர், மூவர் தமிழர், மூவருக்குச் சற்றுக் குறைவாகச் சிங்களவர். எந்தக் கூட்டமும் பாதி இல்லை. பாலையூற்றுப் பக்கம் போனால் பறங்கியர் குடும்பங்கள். வயதானவர்கள் சிலரிடம் இன்னும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இருக்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோ போன்ற மொழியியலாளர்கள் அதைப் பதிவுசெய்ய இங்கே வந்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் சந்தைக்குத் தமிழ், கோயிலுக்குத் தமிழ், கலியாணத்துக்கு மட்டும் போர்த்துக்கேயப் பாட்டு. தெற்கே வெருகல், மூதூர் கிழக்குப் பக்கம் கரையோர வேடர்கள். தமிழ் பேசுகிறார்கள், முருகனைக் கும்பிடுகிறார்கள், பதிவுகளில் பெரும்பாலும் தமிழர் என்றே நிற்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். கடற்படைக் குடும்பங்கள் இருக்கின்றன. யாரிடம் எந்தத் தாளைக் கொடுப்பது?

தாள் கொடுக்கும் வேலையைப் பிரித்தானியர் 1871இல் தொடக்கினார்கள். இலங்கையின் முதல் முறையான குடிசனக் கணக்கில் 24 ‘இனங்களும்’ எழுபதுக்கும் மேற்பட்ட ‘தேசியங்களும்’ பதிவாயின. கணக்கெடுத்தவர்களுக்கே தலை சுற்றியிருக்கவேண்டும். பத்து வருடத்தில், 1881 கணக்கில், இனங்கள் ஏழாகச் சுருங்கின. பத்து வருடத்தில் நாட்டில் ஆட்கள் மாறவில்லை, பெட்டிகள் குறைந்தன. பிறகு 1911இல் தமிழர் பெட்டி இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாக வெட்டப்பட்டது. 2012 தாளில் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர், ஏனையோர். வேடர் 1881 பட்டியலில் இருந்தார்கள். 2012இல் ‘ஏனையோர்’ என்ற சாக்குக்குள் போய்விட்டார்கள்.

திருகோணமலையில் இந்தப் பெட்டிகள் வெறும் பெட்டிகளாக ஒருநாளும் இருந்ததில்லை. 1881இல் இந்த மாவட்டத்தில் சிங்களவர் ஐந்து வீதத்துக்கும் குறைவு. கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களுக்குப் பிறகு கணக்கு மாறியது. எத்தனை வீதம் என்ற கேள்வி இங்கே காணிக் கேள்வி, தேர்தல் தொகுதிக் கேள்வி. கணக்கெடுக்க வருபவர் பேனாவைத் திறந்தவுடன் வீட்டுக்காரரின் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழர் தரப்பிலிருந்து தயாரான வினாத்தாள்களில் மிகப் பிரபலமானது 1888இல் வாசிக்கப்பட்டது. ஆசிரியர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். இடம் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை. தலைப்பு ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’. சட்டநிரூபண சபையில் தமிழருக்கான அங்கத்தவராக அப்போது இருந்தவர் அவர்தான். ஒரு மக்கள் கூட்டம் எந்த இனம் என்று அறிய என்ன பார்க்கவேண்டும்? மொழி, வரலாறு, வழக்காறு, உடல் தோற்றம். ஒவ்வொன்றாக எடுத்து விடை போட்டுக்கொண்டே போனார். பேசுவது தமிழ். வீட்டுச் சடங்குகளில் தமிழ்ச் சாயல். தோற்றம் தமிழரிடமிருந்து பிரித்தறிய முடியாதது. முடிவு: சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர்கள்.

படித்தவர் எழுதிய கட்டுரை. படிக்கும்போது பல இடங்களில் தலையாட்டத் தோன்றும். ஆனால் அந்தத் தாளுக்கு ஒரு பரிசு இருந்தது, அதைத் தாளில் எழுதியிருக்கவில்லை. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சோனகர் தமிழர் என்றால் தமிழ் அங்கத்தவரே போதும். ‘முஸ்லிம் நேசன்’ நடத்திய சித்திலெப்பை இந்த வாதத்தை எதிர்த்து நின்றார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்று தமிழில் ஒரு நாவல் வெளியிட்டவர் அவர். தமிழில் நாவல் எழுதிய ஒருவர், தான் தமிழர் இல்லை என்று தமிழ்ப் பத்திரிகையில் வாதாடினார். இராமநாதனின் அளவுகோலில் அது முரண்பாடு. 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் அங்கத்தவராக நியமனம் பெற்றார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். பேசும் மொழி இனத்துக்குச் சாட்சி ஆகாது, வியாபாரத்துக்கு வந்து தங்கிய அரபியரின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்பது அவர் பக்கம். அவருடைய தாளிலும் பெட்டிகள் இருந்தன, எதிர்த் திசையில். மூதாதை அரேபியாவில் இருந்து வந்தாரா என்ற கேள்விக்கு ‘ஓம்’ போட முடியாத ஏழை மீன்பிடிக் குடும்பங்கள் அந்தத் தாளில் எங்கே நின்றன?

இந்தக் கதையைக் கிண்ணியாவில் ஒரு நண்பரிடம் சொன்னேன். பழைய கிண்ணியாப் படகுத்துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடை. 2009இல் பாலம் திறந்தபிறகு அந்தத் துறையில் கூட்டமில்லை. நண்பர் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

“நான் என்ன பேசுறன் எண்டு கேட்டா, தமிழ். நான் ஆர் எண்டு கேட்டா, தமிழன் இல்ல. உங்கட ராமநாதனுக்கு ரெண்டு கேள்விக்கும் ஒரே விடை தேவைப்பட்டிருக்கு.”

கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். யாழ்ப்பாணத்தில் எழுதிய ‘தமிழர் வழக்கம்’ தாளிலும் அது அப்படியே பொருந்தாது, அரேபியாவில் எழுதிய தாளிலும் பொருந்தாது.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்துவந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராகப் பெற்றோர் சிலர் வாசலில் நின்றபோதும் ஒரே கேள்விதான்: சேலையா, இல்லையா? விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. அன்று வாசலில் நின்றவர்கள் தம்மைப் பரீட்சை வைப்பவர்களாக நினைத்திருக்கமாட்டார்கள். பண்பாட்டைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். வினாத்தாள் எழுதுபவருக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

அரசு வைத்த தாள்கள் இன்னும் நேரடியானவை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருமலை யாத்திரை போய் இங்கேதான் மாநாடு கூட்டியது. பிறகு அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டும், எழுதாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று ஆனது. 1961 டிசெம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது. செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் பரீட்சைக்குப் போகவில்லை, சம்பள உயர்வு நின்றது, வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குப் போடவே முடியாது என்று அதைக் கவிழ்த்தது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் போடலாம் என்று திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மையக் கேள்விக்கு யாரும் கடைசி விடை எழுதவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் சில ரூபா உயர்வுக்காக அந்த மனிதர் அத்தனை படி ஏறினார்.

1972இல் அடையாள அட்டை வந்தது. அதில் இனம் எழுதுவதில்லை. ஆனால் பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘வி’ என்றால் வாக்காளர். ‘எக்ஸ்’ என்றால் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையகத் தமிழருக்கு அந்த எக்ஸ் என்ன என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. இருபது கேள்வி வேண்டாம், வீதம் வேண்டாம். ஓர் எழுத்தில் முடிவு. 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் அந்த எழுத்து இல்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம், தாயின் இனம் என்ற வரிகள் நம் தலைமுறைக்கு அப்படியே இருக்கின்றன.

அட்டையில் இனம் இல்லாத குறையைத் தெரு தீர்த்துக்கொண்டது. சென்றிப் பொயின்றில் “கம கொஹேத?” என்ற கேள்விக்கு, ஊர் எது என்ற அந்த மூன்று நொடிக் கேள்விக்கு, ஊரைச் சொன்னால் போதும். மிச்சத்தைக் கேட்டவரே நிரப்பிக்கொள்வார். எங்கள் வீட்டில் ஒரு மாமி கொழும்புக்குப் போகும்போது ஹபரணை வரும்முன் பொட்டை அழித்துவிடுவா. திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டியதும் கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுப்பா. பேசிக்கொண்டேதான் செய்வா, நாங்களும் கவனிக்காத மாதிரி இருப்போம்.

1958இலும் 1983இலும் கலவரக்காரர் பஸ்களையும் கார்களையும் மறித்து வைத்த சோதனைகள் இப்போது எல்லோருக்கும் தெரியும். சிங்களப் பத்திரிகை வாசி. பௌத்த காதா சொல்லு. நீர்கொழும்புச் சிங்களக் கத்தோலிக்கர் ஒருவர் அந்த இரண்டாவது கேள்வியில் திணறியிருப்பார் என்பது கேட்டவர்களுக்கு உறைக்கவில்லை. எல்லாவற்றிலும் பிரபலம் வாளி. ஒரு வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். சிங்களத்தில் அது பால்திய. தமிழில் இப்படி எழுதும்போதே சிக்கல் தெரிகிறது: நம் ‘ப’ இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. ‘பாட்டி’யின் ப அல்ல இது, ‘பாக்கி’யின் ப. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் அந்த அதிர்வொலி இயல்பாக வராது. பஸ்ஸை ‘வசு’ என்ற நாக்கு பால்தியவை ‘வால்தி’ என்றோ வல்லின ‘பா’ போட்டோ சொல்லிவிடும். அந்தக் கால் நொடியில் புள்ளி போட்டு முடித்துவிடுவார்கள்.

சோதனை பழையது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் யோர்தான் துறையில் ஷிபோலேத் என்று சொல்லச் சொல்லி, ‘ஷி’ வராதவர்களை வெட்டிய கதை இருக்கிறது. 1937இல் தொமினிக்கன் குடியரசில் கொத்தமல்லி மாதிரியான ஒரு கீரையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொல்லி ஹெயிற்றியரைப் பிரித்தார்கள் என்று சொல்கிறார்கள். நம்மூர்ச் சோதனையில் எனக்கு ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. பால்திய சிங்களச் சொல் அல்ல, போர்த்துக்கேயரின் ‘பல்டே’. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர். கோயிலைத் தமிழர் இழந்தார்கள், வாளியைச் சிங்களவர் பெற்றார்கள், முன்னூறு வருடம் கழித்து அந்த வாளியைக் காட்டி யார் இந்த நாட்டுக்காரர் என்று கேட்டார்கள். பாலையூற்றில் போர்த்துக்கேயம் பேசும் கிழவிதான் அதைப் பிசகில்லாமல் உச்சரித்திருக்கக்கூடியவர். கடற்படைத் துறையில் பிரித்தானியரிடம் வேலை செய்து நாக்குப் பழகிய திருமலைத் தொழிலாளி ஒருவரும் சித்தியடைந்திருப்பார்.

தப்பி வெளிநாடு போனவர்களுக்கு அங்கும் தாள் காத்திருந்தது. பிரித்தானியாவில் 2005 நவம்பரிலிருந்து குடியுரிமைக்கு ‘ஐக்கிய இராச்சிய வாழ்வு’ பரீட்சை: 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வேண்டும். ஹரோவில் இருக்கும் என் மச்சான் இரவு வேலை முடிந்து ரயிலில் அந்தப் புத்தகத்தைப் படித்தார். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் வரிசையாகச் சொல்லுவார். அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரருக்கு மூன்றுக்கு மேல் தெரியவில்லையாம். அந்தப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்த அமெரிக்கர் தொம் புரூக்ஸ் டர்ஹம் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். தவறணையில் நடக்கும் மோசமான பொது அறிவுப் போட்டி என்று அதைச் சொன்னார். அவுஸ்திரேலியாவில் 2007இல் பரீட்சை தொடங்கியபோது கிரிக்கெட் வீரர் டொன் பிரட்மன் பற்றிய கேள்வி வேண்டுமா என்று பெரிய சண்டை. ஆனால் மச்சான் இதில் குறை சொல்வதில்லை. “இங்கை புத்தகம் தாறான், படிச்சால் பாஸ். அங்கை புத்தகமே இல்லையே” என்றார். அந்த வித்தியாசத்தை நான் யோசித்திருக்கவில்லை. படித்துத் தேறக்கூடிய தாளில் ஏதோ ஒரு வாசல் இருக்கிறது. பாற்சோற்றுக்கும் நாக்குக்கும் பாடப்புத்தகம் இல்லை.

கிரிக்கெட் கேள்வி எல்லாத் தாளிலும் உண்டு. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிற், குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள் என்றார். அதை இங்கே யாரும் டெபிற்றிடம் படிக்கத் தேவையிருக்கவில்லை. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எங்கள் ஒழுங்கையில் ஒரே வீட்டில்தான் ஜெனரேற்றர். முப்பது பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன். முரளி பந்து போட்டால் ஆரவாரம். அவர் கண்டிக்காரர், மலையகத் தமிழர், எங்கள் ஆள். அரவிந்த டி சில்வா அடித்தபோது பாதிப்பேர் கைதட்டினார்கள், மற்றப் பாதிப்பேர் கைதட்டியவர்களைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கடைசி வரை அவுஸ்திரேலியா பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, அவங்கள் களத்தடுப்பு நல்லாச் செய்யிறாங்கள் என்றார். அவருக்கு எத்தனை வீதம் போடுவது?

2018 மார்ச்சில் இரண்டு செய்திகள் ஒரே மாதத்தில் வந்தன. முதல் வாரத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான திகனக் கலவரம். முகநூலில் பரவிய வெறுப்புக்காக அரசு முகநூலையே சில நாட்கள் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் பங்குக்கு முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். அதே மாதம் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் வெடித்தது: ஓர் ஆளுமை வினாவிடைச் செயலியை ஏறத்தாழ 2,70,000 பேர் நிறுவ, அவர்களின் நண்பர்கள் வழியாக 8 கோடி 70 இலட்சம் பேர் வரையானோரின் தரவு போயிருக்கிறது என்று முகநூலே சொன்னது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை, போடவும் இல்லை. ஆனால் வருஷப் பலகாரம் தின்றுகொண்டு ‘எங்கள் வீட்டில் பாற்சோறு இல்லை, வெசாக் போவதில்லை, மலை ஏறியதில்லை’ என்று ஒரு பிள்ளை தானாகவே மூன்று பெட்டியில் அடையாளம் இடும்போது அவள் மதமும் இனமும் அங்கே எழுதப்பட்டாயிற்று. குடிசனக் கணக்குக்காரர் முன் முதுகை நிமிர்த்துகிற வீடு, கைபேசி கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது. கணக்குக்காரருக்கு ஒரு பெயர்ப்பலகையாவது கழுத்தில் தொங்கும்.

இதைப் பெறாமகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நாங்களே ஒண்டு செய்வம். ‘நீங்கள் எந்தளவுக்குத் திருமலைக்காரர்?’ எண்டு.” கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் கேள்வி, கோணேசர் கோயில் மலையில் நின்று கடலை எட்டிப் பார்த்தீர்களா? எழுதிவிட்டுத் தானே வெட்டினாள். தன் வகுப்புத் தோழி பாத்திமா போல எத்தனையோ பேர் அங்கே போயிருக்கமாட்டார்கள். இரண்டாவது, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தீர்களா? அந்தக் கிணறு யாருடையது என்று வழக்கு நடந்த இடம், வேண்டாம். சாம்பல்தீவுப் பாலம், நிலாவெளிக் கடல், புல்மோட்டை மண். ஒவ்வொன்றும் யாரையாவது வெளியே தள்ளியது. கடைசியில் கண்கள் மின்ன எழுதினாள்: உங்கள் வீட்டுக் குப்பை வாளியை மான் கவிழ்த்திருக்கிறதா?

நல்ல கேள்வி. கோட்டைப் புள்ளிமான்கள் பட்டணம் முழுக்க உலாவுகின்றன, பஸ் நிலையத்தில் படுத்திருக்கின்றன. அவை யார் வீட்டு வாளி என்று பார்ப்பதில்லை. கடற்படைக் குடியிருப்பு, சிங்களக் கடை, கோயில் ஐயர் வீடு, பள்ளிவாசல் பின்பக்கம், எல்லோருக்கும் புள்ளி கிடைக்கும். அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பினாள். பாத்திமா மூதூர்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “எங்கட பக்கம் மான் இல்லடி. யானைதான். அது வாளியக் கவிழ்க்கிறல்ல, மதில இடிக்கும்.”

பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து, கடைசிப் பயற்றம் பணியாரத்தை அதில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.